நீலியின் கண்ணீர்: ஆலங்காட்டுப் பேய்க்கதையும் அதன் வரலாறும்

வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஊர்களிலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதை, காட்பாடியையும் அரக்கோணத்தையும் கடந்தபின் திருவாலங்காடு என்னும் சிறு நிலையத்தைத் தொடுகின்றது. பதனிட்ட தோலை விற்கப் பெரியமேட்டுக்குச் சென்று திரும்பும் வேலூர் வட்டார வணிகர் பல தலைமுறைகளாகப் பயணம் செய்த பாதை இது. தமிழகத்தின் மிகப் புகழ்பெற்ற பேய்க்கதை பிறந்த மண் அந்நிலையத்தை அடுத்தே உள்ளது. அக்கதையில் உயிரிழந்தவனும் ஒரு வழிப்போக்கு வணிகனே.

பேய்க்கதைகளை மூடநம்பிக்கை என ஒதுக்குவது எளிது. ஆயின் ஒரு கதை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சமுதாயத்தின் நாவில் வாழ்ந்திருப்பின், அது எதனைக் காத்து நின்றது என வினவுவது வரலாற்று மாணவரின் கடமையாகும். பழையனூர் நீலியின் கதை அவ்வினாவிற்கு ஏற்றதொரு களம் எனலாம்.

ஊரும் சான்றும்

திருவாலங்காடும் அதனை அடுத்த பழையனூரும் பழந்தொண்டை நாட்டைச் சார்ந்தவை. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1960இல் திருத்தணியோடு தமிழகத்தில் இணைந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கும். கூத்தப்பெருமானின் ஐந்து மன்றங்களுள் இரத்தினசபை இங்குள்ளது. 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சோழர் வரலாற்றின் தலையாய ஆவணங்களுள் ஒன்று. முப்பத்தொரு ஏடுகள் கொண்ட அத்தொகுதி, முதலாம் இராசேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரை ஆலங்காட்டுக் கோயிலுக்கு வழங்கிய செய்தியைக் கூறுகின்றது. அரசர் குலமரபும், ஊரின் எல்லையும், கொடையின் நிபந்தனையும் செம்பில் நின்றன. அவ்வூரில் வஞ்சமாகக் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் முறையீட்டைச் செம்பு காக்கவில்லை, கதையே காத்தது.

கதை

தொண்டைநாட்டு வழக்கின்படி, காஞ்சி அந்தணன் ஒருவன் காசிக்குச் சென்றவிடத்து, முன்னரே மனைவி இருப்பதை மறைத்து மற்றொரு பெண்ணை மணந்து அழைத்து வருகின்றான். ஊரை நெருங்குங்கால் முதல் மனைவிக்கு அஞ்சி, ஆலங்காட்டில் அவளைக் கொன்றுவிடுகின்றான். மறுபிறவியில் அவன் வணிகனாகப் பிறக்கின்றான். அவள் நீலி என்னும் பேயாகின்றாள். பேயால் உனக்கு இறுதி நேரும் எனக் கணிக்கப்பெற்ற வணிகன், காவலாக மந்திரவாள் ஒன்றை எப்போதும் உடன் கொண்டு திரிகின்றான்.

அவன் பழையனூரை அடையும்போது, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தியவாறு நீலி பின்தொடர்கின்றாள். ஊரவையில் இருந்த வேளாளர் எழுபதின்மர் முன் கண்ணீர் மல்க நின்று, இவன் என் கணவன், என்னைக் கைவிட்டுச் செல்கின்றான் என முறையிடுகின்றாள். இவள் பேய் என அவன் கதறுகின்றான். அவையோர் அப்பெண்ணின் கண்ணீரையும் கையிலிருந்த குழந்தையையும் நம்பி, இருவரும் ஓரிரவு ஒருங்கே தங்குமாறு தீர்ப்பளிக்கின்றனர். அவன் உயிருக்கு ஊறு நேரின் எங்கள் உயிரைத் தருவோம் என வாக்களித்து, வாளையும் வாங்கி வைத்துக்கொள்கின்றனர். விடியலில் வணிகன் பிணமாகக் கிடக்கின்றான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்பாய்ந்து உயிர்விடுகின்றனர்.

இக்கதை மிகப் பழமையானது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்தின் முதற் பாடலிலேயே, வஞ்சத்தால் ஒருவன் வாழ்நாளைக் கொண்ட பெண்ணைக் குறிப்பிட்டு, அது கேட்டு அஞ்சும் ஊர் எனப் பழையனூரைச் சுட்டுகின்றார். எனவே அவர் காலத்திலேயே இது நாடறிந்த செய்தியாக இருந்தது என்பது தெளிவு.

ஓரூரில் இரு பேய்மகளிர்

இதே ஆலங்காடு மற்றொரு பேய்மகளையும் உடையது. அவர் காரைக்கால் அம்மையார். கடற்கரை ஊராகிய காரைக்காலில் வணிகர் குடியில் பிறந்த புனிதவதியாரின் தெய்வத்தன்மையைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன், கடல் வாணிகம் செல்வதாகக் கூறிப் பிரிந்து, பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணை மணந்து வாழ்ந்தான் எனப் பெரியபுராணம் கூறும். அதன்பின் அம்மையார் உடலின் அழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார். கயிலைக்குத் தலையால் நடந்தார். ஆலங்காட்டில் இறைவன் திருவடிக்கீழ் இருந்து பாடினார்.

இரு கதைகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் ஒற்றுமை புலப்படும. இரண்டிலும் கணவன் வேறொரு பெண்ணுக்கும் உரியவன். இரண்டிலும் வணிகன் ஒருவன் பெண்ணைக் கண்டு அஞ்சி ஓடுகின்றான். இரண்டிலும் பெண் பேயுருக் கொள்கின்றாள். வேறுபாடு யாதெனில், ஒருத்தி வடிவைத் தானே துறந்து பேயானாள். மற்றவளைக் கொலை பேயாக்கியது. கணவனிடம் எதனையும் கேளாத பேய் நாயன்மார் வரிசையில் இடம்பெற்றது. நீதி கேட்ட பேய் பழிமொழியில் இடம்பெற்றது.

ஒரு பேய், பல பணிகள்

நீலியை ஒவ்வொரு மரபும் தத்தம் நோக்கிற்கேற்ப ஆண்டுகொண்டது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியில், உயிர்ப்பலியைத் தடுத்த சமண முனிவர் முனிசந்திரரை அச்சுறுத்துமாறு பழையனூர் நீலி வடநாட்டிற்கு அழைக்கப்படுகின்றாள். அவள் அங்கே தோற்று, கொல்லாமையை ஏற்று, பின்னர்க் குண்டலகேசி முதலான பிற சமயத்தாரை வாதில் வெல்லும் தருக்கவல்லுநர் ஆகின்றாள். 1936இல் அ. சக்கரவர்த்தி பதிப்பித்த இந்நூல், தமிழில் ஒரு பேய்க்குக் கிடைத்த மிகப்பெரிய கல்வி உயர்வைக் காட்டுகின்றது எனலாம். தொண்டைநாட்டு வேளாளர் மரபோ, கதையின் நடுப்புள்ளியை எழுபதின்மரின் வாய்மைக்கு மாற்றிக்கொண்டது. அவர்கள் நினைவாகத் தீப்பாய்ந்த மண்டபமும் எழுந்தது.

இது தமிழகத்திற்கு மட்டும் உரிய இயல்பன்று. வேல்சு நாட்டில் எட்மண்டு சோன்சு என்னும் சமய குரு, 1780இல் தம் நாட்டுப் பேய்க்கதைகளைத் தொகுத்து வெளியிட்டார். இறைமறுப்பாளருக்கு ஆவியுலகை மெய்ப்பித்துக் காட்டுவதே அவர் நோக்கம். நூறாண்டு கழித்து, 1880இல், கார்டிப்பு நகரில் அமெரிக்கத் தூதராக இருந்த வெர்ட்டு சைக்சு அதே நாட்டுக் கதைகளை நாட்டுப்புறவியல் ஆர்வத்தால் தொகுத்தார். பேயைத் தேடிச் செல்வோர் யாவரும் தமக்கு வேண்டிய பேயையே கண்டு திரும்புகின்றனர். அப்பேய் தான் கேட்டது யாது என்பதே பெரும்பாலும் விடுபட்டுப் போகும் வினா.

தெற்கே சென்ற நீலி

அவ்வினாவை விடாது பற்றியவர்கள் தென்கோடியின் வில்லுப்பாட்டுக் கலைஞர்கள். குமரி மாவட்டத்திலும் நெல்லைச் சீமையிலும் பாடப்பெறும் இசக்கி கதையில், கொலையுண்டவள் கோயிற் கணிகையின் மகள். அவள் நகைக்கு ஆசைப்பட்ட அந்தணன், தன் மடியில் உறங்கியவளைக் கள்ளிக்காட்டில் கொல்கின்றான். சாகுந்தறுவாயில் அவள் அங்கு நின்ற கள்ளியைச் சாட்சியாக்குகின்றாள். தொண்டைநாட்டு வழக்கில் வெறும் மாயப்பொருளாக நிற்கும் கள்ளிக் குழந்தை, இங்கே கொலையைக் கண்ட ஒரே சாட்சியாகப் பொருள் பெறுகின்றது. அவைமுன் நீலி ஏந்தி நின்றது பொய்க் குழந்தையன்று. தன் வழக்கின் சான்று.

இயக்கி என்னும் சொல்லின் திரிபாகிய இசக்கி என்ற பெயரால் அவள் அங்குத் தெய்வமாகின்றாள். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில், காற்றாலைகள் சுழலும் வெளியில் அவளுக்குப் பெருங்கோயில் உள்ளது. கையில் குழந்தையுடன் காணப்படும் அவளை மகப்பேறு வேண்டும் பெண்டிர் வழிபடுகின்றனர். வடக்கே அஞ்சத்தக்க பேய், தெற்கே தாய்.

கல்லும் சொல்லும்

ஒரு சாவினை எவ்வாறு நினைவிற்கொள்வது என்பதில் தமிழர் தெளிந்த மரபுடையவர். ஆம்பூரில் கிடைத்த நிருபதுங்கவர்மன் காலத்து நடுகற்கள், நுளம்பர் படை ஆநிரை கவர வந்தபோது பொருது வீழ்ந்த வீரரைப் போற்றுகின்றன. செங்கம் பகுதியைச் சார்ந்த எடுத்தனூரில், தலைவனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயும் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் இடம்பெற்றுள்ளது. கணவன்பொருட்டு வழக்குரைத்த கண்ணகிக்குச் சேரன் இமயத்துக் கல்லைக் கொணர்ந்தான் எனச் சிலம்பு கூறும். கால்நடைக்காக மாய்ந்தவன் கல் பெற்றான்; நாய் கல் பெற்றது; கணவனுக்காக அழுதவள் கல் பெற்றாள். தனக்காக அழுதவள் பெற்றது ஒரு வழக்குத்தொடர்: நீலிக் கண்ணீர்.

அத்தொடர் இன்றும் பொய்யழுகையைக் குறிக்கின்றது. அவையை ஏய்க்க அவள் மனைவிபோல் நடித்தாள் என்பது உண்மை. ஆயின் முற்பிறவிக் கொலைக்கு எந்த அவையிலும் வழக்குரைக்க அவளுக்கு வழியில்லை. மனைவி என்ற உரிமையில் நின்றால்தான் அவள் சொல் செவியேறும். எழுபதின்மர் வாக்குக்காக உயிர்நீத்தது பெருமைக்குரியதே. எனினும், ஒரு முறை ஒரு பெண்ணின் கண்ணீரை நம்பிய அவை அழிந்தது என்ற நினைவு, பின்வந்த அவைகளுக்கெல்லாம் பெண்ணின் கண்ணீரை நம்பாதே என்னும் பாடமாக மாறிவிட்டது. காட்டில் நடந்த முதற்கொலை பாடத்திலிருந்து நழுவிற்று.

பேய்க்கதை தேடி ஆலங்காட்டிற்குச் செல்வோர் இரத்தினசபையில் அம்மையாரையும், பழையனூரில் எழுபதின்மரையும் வணங்கித் திரும்பலாம். அவ்விரு நினைவுகளோடு மூன்றாவதாக ஒன்றையும் எண்ணுதல் வேண்டும். நீலி அழுதது நடிப்பு. அழவேண்டி வந்த காரணம் நடிப்பன்று. கண்ணீரைப் பழிக்குமுன் காரணத்தை வினவும் அவையே அவள் வேண்டி நின்ற அவை.