வன்தட்டு தந்த பாடம்



கடிகாரத்தின் ஒலி நமக்குப் பழகிய ஒலி. ஆனால் ஒலி எழக் கூடாத இடத்திலிருந்து அத்தகைய ஓர் ஓசை எழுமானால் நெஞ்சம் துணுக்குறும். 2019ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் ஓரிரவு என் வீட்டுக் கணிப்பொறியின் உள்ளிருந்து 'டக், டக்' என்னும் ஓசை எழுந்தது. சற்று நின்றது, மீண்டும் எழுந்தது. திரையில் இருந்தவை அசைவற்று நின்றன. அவ்வோசையின் பொருளை அன்று நான் அறியேன். அறிந்திருந்தால், மதிப்பிற்குரிய ஒரு முதியவரின் குரலை ஒருவேளை இழந்திருக்கமாட்டேன்.

அந்தக் கணிப்பொறி 2008ஆம் ஆண்டில் வாங்கியது. அதனுள் இருந்தது 160 ஜிகாபைட் கொள்ளளவுள்ள ஒரு வன்தட்டு. ஹார்ட் டிஸ்க் என்று நீங்கள் வழங்குவது அதனையே. நான் தலைமையாசிரியராக இருந்தபோது, எங்கள் பள்ளியின் வரலாற்றை எழுத விரும்பி, 2010 முதல் 2012 வரை முதியோர் பதினொருவரைக் கண்டு, அவர்கள் கூறியவற்றை ஒலிப்பதிவு செய்தேன். பழைய மாணவர், பழைய ஆசிரியர், நெடுங்காலம் பள்ளி மணி அடித்த ஊழியர் எனப் பலதிறத்தார் அவருள் இருந்தனர். பதினொரு குரல்களும் அந்த ஒரே தட்டில் இருந்தன. வேறு எங்கும் இல்லை.

இந்த வன்தட்டு என்பது யாது? அது ஏன் பழுதாகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண நாம் 1950களின் அமெரிக்காவுக்குச் செல்லவேண்டும்.

அக்காலத்து வணிக நிறுவனங்கள் கணக்குகளைத் துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் பதிந்து வைத்தன. நாடாவில் ஒரு குறை உண்டு. நடுவில் உள்ள ஒன்றைக் காணவேண்டுமாயின் முதலிலிருந்து சுற்றிக்கொண்டே வரவேண்டும். புத்தகத்தைப் புரட்டுவதுபோல் வேண்டிய பக்கத்தை உடனே எடுக்க வழியுண்டா என்பதே அன்றைய வினா. அதற்கு விடை கண்டது கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடம். அக்கூடத்தின் தலைவர் ரெனால்ட் ஜான்சன் ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியர் என்பதை நான் பெருமையுடன் குறிப்பிடுகிறேன். மிச்சிகன் மாநிலத்தில் ஆசிரியப் பணியாற்றிய அவர், மாணவர்கள் பென்சிலால் இட்ட குறிகளை மின்சாரத்தால் உணர்ந்து மதிப்பெண் இடும் பொறியொன்றை ஆக்கினார். அதனைக் கண்டே 1934இல் ஐ.பி.எம். அவரைப் பணியில் அமர்த்தியது. விடைத்தாள் திருத்தும் சுமையிலிருந்து பிறந்த சிந்தனை எவ்வளவு தொலைவு சென்றது, பாருங்கள்!

1956ஆம் ஆண்டு செப்டம்பரில் அக்குழுவினரின் படைப்பு வெளிவந்தது. 'ராமாக்' என்னும் கணிப்பொறியுடன் இணைந்த அச்சேமிப்புக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே அச்சில் அமைந்து, நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. தட்டுகளின்மீது இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பூச்சு இருந்தது. எடை ஏறத்தாழ ஒரு டன். இத்தனை பெரிய கருவி தாங்கியது 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒன்றிரண்டு படங்களுக்கே அந்த இடம் போதாது.

இனி நான் கூறுவதைக் கூர்ந்து கேளுங்கள். வன்தட்டின் வலிமையும் அதன் நோயும் இங்கேதான் ஒருங்கே பிறக்கின்றன. சுழலும் தட்டின்மீது எழுதவும் படிக்கவும் ஒரு சிறு காந்தத் தலை உண்டு. அது தட்டுக்கு மிக அருகில் இருக்கவேண்டும். ஆனால் தட்டைத் தொடலாகாது. தொட்டால் பூச்சு உரியும். பதிவும் உடன் அழியும். ராமாக்கில் அழுத்தப்பட்ட காற்றைத் தலையினூடே செலுத்தி, தட்டிலிருந்து ஏறத்தாழ 20 மைக்ரான் உயரத்தில் அதனை நிறுத்தினர். 1961இல் வெளிவந்த அடுத்த வகையில், சுழலும் தட்டு தன்னுடன் இழுத்துவரும் காற்றே தலையைத் தாங்கியது. தலை பறக்கத் தொடங்கியது எனலாம்.

தலை தாழத் தாழ எழுத்துகளை நெருக்கி எழுதலாம். ஆகவே கொள்ளளவு பெருகும். ஆனால் ஒரு துகள் தூசியும் அப்போது மலைபோல் ஆகிவிடும். இதனால் 1973இல் ஐ.பி.எம். வெளியிட்ட 'வின்செஸ்டர்' வகையில் தட்டுகளையும் தலைகளையும் ஒரே பெட்டியில் வைத்து மூடினர். 30, 30 மெகாபைட் என இரு பகுதிகளாக முதலில் திட்டமிட்டமையால், 'முப்பது-முப்பது' என்று வழங்கிய வின்செஸ்டர் துப்பாக்கியின் பெயர் அதற்கு வந்தது. 1980இல் சீகேட் நிறுவனம் ஐந்தேகால் அங்குல அளவில் 5 மெகாபைட் தட்டொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1983இல் ஐ.பி.எம். தன் எக்ஸ்.டி. கணிப்பொறியில் 10 மெகாபைட் தட்டை வைத்தது. பெரிய கூடங்களில் இருந்த வன்தட்டு இவ்வாறு மேசைமேல் வந்து அமர்ந்தது.

பின்னர் அறிவியலும் கைகொடுத்தது. 1988இல் ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குரூன்பெர்க் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்த பேரளவுக் காந்தத்தடை விளைவினால், மிக நுண்ணிய காந்தப் புள்ளிகளையும் படிக்கவல்ல தலைகள் 1997 முதல் வன்தட்டுகளில் அமைந்தன. அவ்விருவருக்கும் 2007இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. என் கணிப்பொறியின் காலத்திலோ, தலைக்கும் தட்டுக்கும் இடையே இருந்த வெளி நானோமீட்டர் கணக்கில் எண்ணத்தக்கதாய்ச் சுருங்கிவிட்டது. மனிதத் தலைமயிரின் பருமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை எண்ணிப் பார்த்தால், அது எத்தகைய மெல்லிய வெளி என்பது விளங்கும்.

இப்போது அந்த 'டக், டக்' ஓசைக்கு வருவோம். தலை தான் நிற்கவேண்டிய தடத்தை அறிய, தட்டில் முன்னரே எழுதப்பட்ட வழிகாட்டிக் குறிகளைப் படிக்கிறது. தலை நலிந்தாலோ, தட்டு கீறுற்றாலோ அக்குறிகள் தெரிவதில்லை. தலை தன் தொடக்க இடத்துக்குத் திரும்பி, மீண்டும் தேடப் புறப்படுகிறது. மீண்டும் தோற்றுத் திரும்புகிறது. அத்திரும்புதலின் ஓசையே நான் கேட்டது. வழி தவறிய ஒருவன் மீண்டும் மீண்டும் தன் வீட்டு வாயிலுக்கே வந்து புறப்படுவதற்கு அதனை ஒப்பிடலாம்.

இதனை அறியாத நான் செய்த பிழைகள் மூன்று. முதலாவது, பொறியை அணைத்து அணைத்து மீண்டும் இயக்கினேன். இரண்டாவது, பிழை திருத்தும் கட்டளையொன்றை இட்டு, இரவு முழுதும் ஓடவிட்டேன். அக்கட்டளை நலிந்த தட்டின் மூலை முடுக்கெல்லாம் தலையை ஓட்டும்; தேவையெனக் கண்டால் தட்டில் புதிதாக எழுதவும் செய்யும். இளைத்துப் படுத்திருக்கும் நோயாளியை எழுப்பி ஓடச் செய்ததற்கு இது நிகர். மூன்றாவது, 'குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் சரியாகும்' என்று அண்டை வீட்டார் கூறியதை நம்பி, அதற்கும் ஆயத்தமானேன். நல்வேளையாக அதற்குள் என் பழைய மாணவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அருகிலுள்ள நகரில் கணிப்பொறி பழுது பார்ப்பது அவர் தொழில்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, இதிலுள்ளவற்றுக்கு வேறு படி இருக்கிறதா?" என்பதே.

"இல்லை, தம்பி. நீ முதலில் இதைச் சரிசெய்" என்றேன்.

"சரிசெய்வது பிறகு, ஐயா. முதலில் படி எடுக்கவேண்டும். அதுவரை இதை ஒரு முறையும் இயக்காதீர்கள்" என்றார்.

குளிர்ப்பெட்டி யோசனையைச் சொன்னபோது அவர் புன்னகைத்து, "வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஈரம் தட்டின்மேல் படியும், அது தலைக்குப் பெருங்கேடு" என்று விளக்கினார். மூடியைத் திறந்து பார்க்கலாமா என்றேன். தூசியற்ற தனிக்கூடத்தில் அன்றி அதனைத் திறத்தல் தகாது என்றார். நாற்பதாண்டுக்காலம் பிறருக்குப் பாடம் சொன்ன நான், அன்று மாணவனாக அமர்ந்து கேட்டேன்.

அவர் செய்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மின்கம்பியையும் தரவுக்கம்பியையும் மாற்றிப் பார்த்தார். தட்டில் இல்லாத நோயைத் தட்டின்மேல் ஏற்றலாகாது என்பதே காரணம். அடுத்து, வன்தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் 'ஸ்மார்ட்' குறிப்பைப் படித்தார். 1990களின் நடுப்பகுதியில் வழக்குக்கு வந்த ஏற்பாடு இது. பழுதுற்றமையால் மாற்றிடம் தரப்பட்ட செக்டர்கள் எத்தனை, படிக்க இயலாமல் ஐயத்தில் நிற்கும் செக்டர்கள் எத்தனை என்பன அதில் உண்டு. கம்பியின் குறையால் நேரும் பிழைகளுக்குத் தனி எண்ணும் உண்டு. எங்கள் தட்டில் அந்தக் கடைசி எண் சுழி. முன் சொன்ன இரண்டும் நூற்றுக்கணக்கில் இருந்தன. நோய் தட்டில்தான் என்பது உறுதியாயிற்று.

பின்னர் அத்தட்டைக் கழற்றித் தம் கணிப்பொறியில் இணைத்து, புதியதொரு தட்டுக்குப் படி எடுக்கத் தொடங்கினார். அதற்கென அமைந்த மென்பொருள், எளிதில் படிக்க வருவனவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, இடர் தரும் பகுதிகளைத் தாண்டிச் செல்கிறது. இறுதியிலேதான் அவற்றுக்குத் திரும்பி வருகிறது. தேர்வுக் கூடத்தில் தெரிந்த வினாக்களுக்கு முதலில் விடை எழுதுக என்று உங்களுக்கு நாங்கள் சொல்லும் அறிவுரையே அது! நலிந்த தலை எந்நேரமும் வீழலாம். ஆதலால் கிடைப்பதை முதலில் கைக்கொள்ளவேண்டும். அப்பணி இரண்டு நாள் நடந்தது.

பதினொரு குரல்களில் ஒன்பது முழுமையாகக் கிடைத்தன. ஒன்று பாதியில் அறுந்தது. ஒன்று கிடைக்கவேயில்லை. அது பள்ளி மணி அடித்த அந்தப் பெரியவரின் குரல். ஒரு புயலிரவில் ஊர்க் குழந்தைகளைப் பள்ளிக் கட்டடத்தில் சேர்த்து, விடியும்வரை விட்டு விட்டு மணியடித்துக் கொண்டிருந்ததாக அவர் சொல்லியிருந்தார். இருளில் வழி தெரியாதவர்கள் ஒலியைக் கேட்டேனும் வந்து சேரட்டும் என்பது அவர் எண்ணம். 2014இல் அவர் காலமானார். "நான் இரவு முழுதும் ஓடவிட்டதனால் போயிற்றா, தம்பி?" என்று கேட்டேன். "உறுதியாகச் சொல்ல இயலாது, ஐயா. ஆனால் அது நன்மை செய்திராது" என்று பணிவுடன் விடையளித்தார். அவர் கூறியவற்றை என் நினைவிலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். ஆயினும் நினைவு வேறு, சான்று வேறு என்பதை வரலாறு பயில்வோர் அறிவர்.

வன்தட்டு பழுதாகும் என்பதை வல்லுநர்கள் எந்நாளும் மறைத்ததில்லை. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையொன்று, பல தட்டுகளைச் சேர்த்து அமைத்து, ஒன்று வீழ்ந்தாலும் அதிலிருந்தவற்றை மற்றவற்றிலிருந்து மீட்கும் முறைகளை வகுத்தது. எதுவும் வீழும் என்று முன்னரே ஒப்புக்கொண்டு கட்டிய முறை அது. 2007இல் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் 1,00,000க்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து இரண்டு உண்மைகளை வெளியிட்டனர். தட்டைச் சோதிக்கும்போது முதற்பிழை தோன்றிவிட்டால், அடுத்த 60 நாட்களுக்குள் அது வீழ்வதற்கான வாய்ப்பு, பிழை தோன்றாத தட்டைக் காட்டிலும் 39 மடங்கு. இஃது ஒன்று. வீழ்ந்த தட்டுகளுள் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, வெப்பநிலை நீங்கலாக 'ஸ்மார்ட்' எண்கள் எதிலும் எச்சரிக்கை காட்டாமலே வீழ்ந்தன. இது மற்றொன்று. எச்சரிக்கை வந்தால் உடனே செயற்படுக. எச்சரிக்கை வரும் என்று காத்திராதே. இவ்விரு பாடங்களும் அவ்விரு உண்மைகளுள் அடங்கியுள்ளன.

நம் முன்னோரின் ஓலைச்சுவடிகள் நமக்குக் கிட்டியது ஓலையின் வலிமையாலன்று. ஓலை செல்லரிக்கும், ஈரத்தில் நையும். காலந்தோறும் எவரோ ஒருவர் அமர்ந்து, அது நன்றாக இருக்கும்போதே வேறோர் ஏட்டில் படி எடுத்து வைத்தமையால் நூல்கள் பிழைத்தன. 'படி' என்னும் சொல்லே நம்மிடம் வாசித்தலையும் குறிக்கிறது, பிரதியையும் குறிக்கிறது.

மாணவச் செல்வங்களே, இன்று உங்கள் கணிப்பொறியில் சுழலும் தட்டு இருக்கலாம். அல்லது சுழலாத மின்னணு நினைவகம் இருக்கலாம். இரண்டும் அழியக்கூடியவையே. உங்கள் பாட்டியின் குரலோ, உங்கள் ஊரின் பழைய படமோ, நீங்கள் எழுதிய கட்டுரையோ ஒரே இடத்தில் இருக்குமானால், அது இன்னும் பத்திரமாகவில்லை என்று கொள்ளுங்கள். இரண்டாவதொரு தட்டில் ஒரு படி, வீட்டுக்கு வெளியே வேறோர் இடத்தில் ஒரு படி என வைத்திடுங்கள். பின்னர் அப்படிகள் திறக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்தும் விடுங்கள்.

என் பழைய தட்டு இப்போதும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதனை எறிய எனக்கு மனம் வரவில்லை. மீட்ட பத்துக் குரல்களும் இன்று மூன்று இடங்களில் உள்ளன.