வரம்புக்குறிகளுக்கு இடைப்பட்ட உரையைப் பிரித்தெடுத்தல்

வரம்புக்குறிகளுக்கு இடைப்பட்ட உரையைப் பிரித்தெடுத்தல் என்பது, நிரலாக்கத்தில் ஒரு சரத்தினுள் (எழுத்துத் தொடர்) இரு குறிகளுக்கு நடுவே அமைந்த பகுதியை மட்டும் எடுக்கும் செயலாகும். அடைப்புக்குறி, காற்புள்ளி, மேற்கோள்குறி முதலியன வரம்புக்குறிகளாகப் பயன்படுகின்றன.

செயன்முறை

"ஏலம்[போடி]விலை" என்னும் சரத்தில் எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குகிறது. திறப்புக்குறி 4ஆம் இடத்திலும், அதற்குப் பின் தேடப்படும் மூடுகுறி 9ஆம் இடத்திலும் உள்ளன. எனவே 5 முதல் 8 வரையுள்ள "போடி" விடையாகும். பைத்தான் மொழியின் 'ஃபைண்ட்' செயற்கூறு, குறி கிடைக்காதபோது -1 என்னும் மதிப்பைத் தரும். இதைச் சோதிக்காமல் 1ஐக் கூட்டினால் தொடக்க இடம் 0 ஆகிவிடும். பிழைச்செய்தி ஏதுமின்றித் தவறான உரை கிடைக்கும்.

சுருங்குறித்தொடர் கொண்டும் பிரித்தெடுக்கலாம். ஆனால் "[போடி][புற்றடி]" என்பதில் பேராசைப் பொருத்தம் முதல் திறப்புக்குறி தொடங்கிக் கடைசி மூடுகுறி வரை எடுத்துக்கொள்ளும். அங்குச் சிறும அளவுப் பொருத்தமே ஏற்றது.

ஏலக்காய் விலைப்பட்டியல்

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலும், ஏலமலைப் பகுதியில் இடுக்கி மாவட்டத்தின் புற்றடியிலும் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏலக்காய் மின்னேல நடுவங்கள் உள்ளன. ஏலத்திற்கு வந்த அளவு, விற்ற அளவு, உயர்ந்த விலை, சராசரி விலை ஆகியவற்றை வாரியம் வெளியிடுகிறது.

இத்தகைய தரவு காற்புள்ளியால் பிரிக்கப்படும்போது சிக்கல் எழலாம். எடுத்துக்காட்டாக, "போடி,45,210,2400" என்னும் கற்பனை வரி 45,210 கிலோவையும் 2400 ரூபாய் சராசரியையும் குறிப்பதாகக் கொள்வோம். நிரல் இதை நான்கு புலங்களாகப் பிரித்து, மூன்றாம் புலமான 210ஐ விலையாகக் காட்டும். அதை நம்பிக் காயை விற்கும் விவசாயிக்குப் பேரிழப்பு நேரும். எண்ணை இரட்டை மேற்கோள்குறிக்குள் இடுவது தீர்வாகும். 2005இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4180 ஆவணம் இம்முறையை விளக்குகிறது. படிக்கும் நிரலும் மேற்கோளுக்குள் உள்ள காற்புள்ளியை வரம்பாகக் கொள்ளலாகாது.

தமிழ்ச் சரங்கள்

"போடி" ஈரெழுத்துச் சொல்லாயினும் ஒருங்குறியில் 4 குறியெண்களையும், யூ.டி.எஃப்-8 முறையில் 12 பைட்டுகளையும் கொண்டது. "ோ" என்னும் உயிர்க்குறி ஒரே குறியெண்ணாகவோ, "ே", "ா" என இரண்டாகவோ சேமிக்கப்படலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், தேடலில் பொருந்தா. ஆகவே தமிழ்ச்சொல்லையே வரம்பாகக் கொள்ளும்போது, முதலில் சரத்தை ஒருங்குறி இயல்பாக்கத்திற்கு உட்படுத்த வேண்டும்.