சித்தூர் எல்லையும் 128 என்னும் எண்ணும்

இணையத்தின் பிறப்பைச் சொல்வோர் 1969 அக்டோபர் 29ஆம் நாளிலிருந்து தொடங்குவர். அன்று லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனக் கணினிக்கு ‘லாகின்’ என்னும் சொல் அனுப்பப்பட்டது. முதலிரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் எதிர்முனைக் கணினி முடங்கியது. போய்ச் சேர்ந்தவை உண்மையில் எழுத்துகள் அல்ல, எண்கள். கம்பிக்கு எழுத்து தெரியாது. 1983 சனவரி 1 முதல் ஆர்ப்பாநெட் ஏற்ற டிசிபி/ஐபி நெறிமுறை, செய்தியைச் சிறு பொட்டலங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் முகவரி பொறித்து, அவை வெவ்வேறு வழிகளில் போனாலும் மறுமுனையில் வரிசைப்படுத்திச் சேர்க்கிறது. உள்ளிருப்பது எம்மொழி என்று பார்ப்பதில்லை. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பது தனியொரு உடன்படிக்கை. ஆங்கிலத்துக்கு அது 1960களிலேயே, ஆஸ்கியின் 128 இடங்களுக்குள் முடிந்துவிட்டது.

இந்தியாவில் 1986இல் தொடங்கிய எர்னெட், சென்னை ஐஐடி உள்ளிட்ட கல்வி நிறுவனங்களை இணைத்தது. பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையத்தைத் திறந்துவிட்டது. அன்று இணைப்புப் பெற்ற நகரங்களுள் சித்தூருக்கும் திருப்பதிக்கும் அருகிலிருந்தது சென்னையே. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சென்ற மாவட்டம் அது; வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்குமாக வாழ்வோர் அங்கு இன்றும் உண்டு. பொட்டலங்கள் மாநில எல்லையை எளிதாகக் கடந்தன, எழுத்துகள் கடக்கவில்லை. அனுப்பியவரின் எழுத்துரு பெறுபவரிடம் இல்லையெனில் தமிழ் மடல் பொருளற்ற குறிகளாக விரிந்தது. தெலுங்குக்கும் அதே கதிதான்.

தீர்வு யூனிகோடு வழியே வந்தது. இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி தரத்தின் அமைப்பைப் பின்பற்றி, 1991இல் அது தமிழுக்கு 128 இடங்களையும், அடுத்தபடியாகவே தெலுங்குக்கு 128 இடங்களையும் ஒதுக்கியது. தமிழ்க் ககரத்தின் எண் 2965. தெலுங்குக் ககரத்தின் எண் 3093. மகரத்தை எடுத்தாலும் அதே 128தான் இடைவெளி. சித்தூரின் இரு மொழிகள் எண்வரிசையிலும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். இதற்கு விலையும் உண்டு: பிறமொழிகளின் வர்க்க எழுத்துகளுக்குரிய மூன்று இடங்கள் தமிழில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே வெறுமையாய் நிற்கின்றன; உயிர்மெய்களுக்கோ தனி எண் இல்லை. ‘திருப்பதி’ என்று தட்டினால் ஐந்தெழுத்து ஒன்பது எண்களாகி, யூடிஎஃப்-8இல் 27 பைட்டுகளாகப் பயணிக்கிறது. தமிழுக்கு அளவெடுக்காமல் தைத்த சட்டை என்ற குறை நியாயமானதே. 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்-16 என்னும் குறியாக்கத்தையும் ஏற்றதற்கு இக்குறையே பின்னணி.

ஆயினும் அதே பொது அச்சு எதிர்பாராத ஒன்றைக் காத்து வைத்திருந்தது. தமிழ் ழகரத்துக்கு நேரான தெலுங்கு இடம், 3124, நெடுங்காலம் காலியாக இருந்தது. பழந்தெலுங்கில் ழகரம் இருந்தது; கடப்பை வட்டாரக் கல்வெட்டுகள் அதைக் காட்டுகின்றன. பின்னர் அவ்வொலி மறைந்தது. தமிழில் ஏழும் கோழியும் தெலுங்கில் ஏடும் கோடியுமாக நிற்பது அதனால்தான். கல்வெட்டுகளைக் கணினியில் பெயர்த்தெழுதும் தேவை எழவே, 2014இல் வெளிவந்த யூனிகோடு 7.0 தெலுங்கு ழகரத்தை அந்தக் காலியிடத்திலேயே அமர்த்தியது.