மொழியோடு வந்த இளைஞர்

1805-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், பினாங்கின் புதிய ஆளுநர் பிலிப் டண்டாசும் அவருடைய அலுவலரும் கப்பலேறி வந்து அத்தீவில் இறங்கினர். அவர்களுள் துணைச் செயலாளராக அமர்த்தப்பட்டிருந்த ஸ்டாம்போர்டு ராபிள்சுக்கு அப்பொழுது அகவை இருபத்து நான்கு. பதினான்காம் வயதிலேயே இலண்டனில் கிழக்கிந்தியக் கும்பினியின் எழுத்தராகப் புகுந்து, பத்தாண்டுகள் மேசையோடு மேசையாகக் கிடந்தவர் அவர். கீழை நாட்டில் அதுகாறும் பணிபுரிந்தறியாதவர்.

ஆயினும் அவர் வெறுங்கையுடன் வரவில்லை. கடற்பயணத்தின் நெடிய திங்கள்களை அவர் மலாய்மொழி கற்பதிற் செலவிட்டார் என்று, அவர்தம் இரண்டாம் மனைவி சோபியா 1830-இல் வெளியிட்ட வரலாறு கூறுகின்றது. துபாசிகளின் நாவை நம்பி வாழ்ந்த வெள்ளை அலுவலர் நடுவே இது அரிய செயலேயாகும். கற்றது சிறிதளவாகவே இருந்திருக்கலாம். எனினும் மொழி தெரிந்தவனுக்குக் கடைத்தெருவின் இரைச்சல் வெற்றிரைச்சல் அன்று; அது பேச்சு.

அவர் கால்வைத்த ஜார்ஜ் டவுன், பிரான்சிஸ் லைட் 1786-இல் காடு திருத்தி நிறுவியது. நகருக்கு அகவை பத்தொன்பதுதான். வந்திறங்கிய இளைஞரினும் இளையது! ஆனால் நெரிசலில் முதிர்ந்திருந்தது. மலாய்க்காரர், சீனர், புகிசர், அராபியர், சயாமியர், பர்மியர், வங்காளத்திலிருந்து நாடு கடத்தப்பட்டுச் சாலைப் பணியில் ஏவப்பட்ட கைதிகள் என இத்தனை இனத்தாரும் சில தெருக்களுக்குள் அடங்கியிருந்தனர்.

இக்கூட்டத்தில் நம்மவர் நிலை யாது? லைட் தாம் இறந்த 1794-ஆம் ஆண்டிலேயே அதனைக் குறித்து வைத்துள்ளார். சீனர் ஏறத்தாழ 3,000 பேர். அவர்களுக்கு அடுத்த நிலையில் அவர் வைத்துரைப்பது சோழமண்டலக் கரையினின்று வந்த சூலியரை. குடியமர்ந்தோர் ஓராயிரவர், கடைக்காரரும் கூலியாட்களுமாக வாழ்ந்தவர்கள். அன்றியும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பல்களில் வந்து, உழைத்துச் சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அவர்தம் இடத்திற்குப் புதியவர் வந்தனர் என்கிறார். சூலியாத் தெருவின் பெயரும், 1801-இல் காதர் முகைதீன் தலைமையில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோவிலும் அம்மக்கள் விட்டுச் சென்ற சுவடுகள்.

ராபிள்சு வந்த அடுத்த திங்களில் மற்றோர் இளைஞர் நோயோடு வந்து சேர்ந்தார். அவர் ஜான் லேடன். ஸ்காட்லாந்து நாட்டுக் கவிஞர், மருத்துவர், பன்மொழி வெறியர் (வேறு சொல் பொருந்தாது). 1803-இல் சென்னைக்கு வந்து, மைசூர் நில அளவைக் குழுவில் உழைத்து உடல்நலம் குன்றி, கடற்காற்றை நாடி வந்தவர். ராபிள்சின் துணைவி ஒலிவியா அவரைப் பேணினார். படுக்கையிற் கிடந்தும் லேடன் மலாய்ச் சுவடிகளை விடவில்லை. சில திங்களில் அவர் கல்கத்தா சென்றுவிட்டாலும் அந்நட்பு நிலைத்தது. 1811-இல் பத்தேவியாவில் லேடன் காய்ச்சலால் மாண்டார். மலாய் அரசர் வரலாறாகிய 'செஜாரா மெலாயு'வை அவர் மொழிபெயர்த்து வைத்திருந்தார். 1821-இல் அது ராபிள்சின் முன்னுரையுடன் வெளிவந்தது.

ராபிள்சின் ஆர்வம் முற்றும் அறிவுத் தாகம் என்று கொள்வதற்கில்லை. மொழியறிவு ஆட்சிக்குக் கருவி. 1811-இல் ஜாவா வீழ்ந்தபொழுது அக்கருவி எதற்குப் பயன்பட்டது என்பது வெளிப்பட்டது. ஆயினும் அவர் மலாக்காவில் எழுத்தர் பலரை அமர்த்திச் சுவடிகளைப் படியெடுப்பித்தார். அவ்வெழுத்தருள் ஒருவன் அப்துல்லா என்னும் சிறுவன். நாகூரில் பெண்கொண்ட அராபியர் ஒருவரின் வழிவந்தவன். பின்னாளில் முன்ஷி அப்துல்லா எனப் புகழ்பெற்று 1849-இல் தன் வரலாற்றை வெளியிட்டவன் இவனே. இளமையில் தமிழ் கற்க அனுப்பப்பட்டதை அவனே அதில் எழுதியுள்ளான். மலாக்கா வணிகரின் கணக்குகளுக்கு அன்று தமிழ் தேவைப்பட்டது.

ஆக, ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்தியரும் கண்ட பினாங்கு நமக்குக் கிடைக்கின்றது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய தமிழ் இளைஞர் கண்ட பினாங்கு கிடைக்கவில்லை. துறையில் மூட்டையோடு நின்ற நாகப்பட்டினத்து இளைஞனுக்கு அந்நகரம் எவ்வாறு தோன்றியது? மலாயை அவனும் கற்றான். கப்பல் அறையிலன்று, விலை பேசும் இடத்தில். அவன் பெயரைக் கும்பினி ஏடுகள் எழுதவில்லை. தொகையை மட்டும் எழுதின. தமிழர் தம் பினாங்கு வாழ்வைத் தம் மொழியில் அச்சேற்றிக் காண நெடுங்காலம் சென்றது. நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலரின் 'வித்தியா விசாரிணி' இதழ் அந்நகரில் தோன்றியது 1883-இல்தான்.