கடிதத்துக்கு முன்: அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமையும் மாநிலச் சட்டமன்றங்களும்

1920 ஆகஸ்ட் 18 அன்று டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில்லில் சட்டமன்றக் கீழவை கூடியபோது, ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர் கோட்டில் சிவப்பு ரோஜா செருகியிருந்தார். பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்போரின் அடையாளம் அது. ஆதரித்தவர்கள் மஞ்சள் ரோஜா அணிந்தனர். பர்னின் சட்டைப்பையில், நயோட்டா என்ற சிற்றூரிலிருந்து தாயார் ஃபெப் பர்ன் எழுதிய கடிதம் இருந்தது. வாக்குரிமையின் பக்கம் நிற்குமாறு மகனைக் கேட்டிருந்தார். தீர்மானத்தைக் கிடப்பில் போட இருமுறை வாக்களித்திருந்த பர்ன், ஒப்புதல் வாக்கெடுப்பில் தன் பெயர் வந்ததும் ‘ஆம்’ என்றார். 49க்கு 47. அரசியலமைப்பின் 19ஆம் திருத்தத்துக்குத் தேவையான 36ஆவது மாநிலம் கிடைத்துவிட்டது.

இந்த நிகழ்ச்சி உண்மை, நெஞ்சைத் தொடுவதும்கூட. ஆனால் ஒரு தாயின் கடிதம் நாட்டின் சட்டத்தையே மாற்றியது என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், அப்படி ஒரு வாக்கு அந்த இளைஞர் கைக்கு எப்படி வந்தது என்ற கேள்வி எழாமலே போகிறது. ஆண் வாக்காளர்களின் பொதுவாக்கெடுப்பைக் கடந்து முடிவெடுக்கும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றங்களிடம் இருந்தது. பெண்கள் அந்த அதிகாரத்தை இனங்கண்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதன் கதவை விடாமல் தட்டினார்கள். டென்னசியின் வெற்றி அந்த உழைப்பின் விளைச்சல் என்பதே என் வாதம்.

முழு வாக்குரிமை வேண்டுமானால் மாநில அரசியலமைப்பைத் திருத்த வேண்டும்; அதற்குப் பெரும்பாலும் பொதுவாக்கெடுப்பு தேவை. அதில் வாக்களிப்பவர்கள் ஆண்கள். 1915இல் நியூயார்க், நியூஜெர்சி, பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ் ஆகிய நான்கு மாநிலங்களிலும் பெண்களின் கோரிக்கை தோற்றது. ஆனால் இன்னொரு வழி இருந்தது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களை எந்த முறையில் நியமிப்பது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யலாம் என்று கூட்டாட்சி அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு கூறுகிறது. அப்படியானால், சாதாரணச் சட்டம் ஒன்றின் மூலமே அந்தத் தேர்தலில் பெண்களை வாக்காளர் ஆக்கிவிடலாம்.

இதை இல்லினாயில் விடாப்பிடியாகத் தொடர்ந்தவர் வழக்கறிஞர் கேத்தரின் வா மெக்கலக். அவர் வரைந்த மசோதா பல ஆண்டுகள் தோற்றுக்கொண்டே வந்தது. 1913இல் கிரேஸ் வில்பர் டிரவுட் தலைமையில் பெண்கள் வேறு விதமாக வேலை செய்தார்கள். எலிசபெத் பூத் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் அட்டை வைத்து, அவருடைய நிலைப்பாட்டைக் குறித்துவந்தார். அவைத் தலைவர் வில்லியம் மெக்கின்லி தயங்கியபோது சிகாகோவிலிருந்து தொலைபேசி அழைப்புகள் ஓயாமல் வந்தன. ஜூன் 11 வாக்கெடுப்பன்று அவையின் வாசலில் டிரவுட்டே நின்று, ஆதரவு உறுப்பினர்கள் நழுவிவிடாமல் பார்த்துக்கொண்டார்; வராதவர்களை வண்டி அனுப்பி வரவழைத்தார்கள். மசோதா நிறைவேறியது. ஆதரவு வாக்களித்த உறுப்பினர்களின் பெயர்களைவிட அந்த அட்டைகளும் அந்த வாசலும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. உறுப்பினரின் மனச்சாட்சிக்கு வெளியே காவல் இருந்தது.

இல்லினாயைத் தொடர்ந்து வேறு பல மாநிலங்களும் இதே வகைச் சட்டம் இயற்றின. ஒஹாயோவின் கதை என் வாதத்துக்கு மறுபக்கத்திலிருந்து சான்று தருகிறது: 1917இல் அங்கே சட்டமன்றம் கொடுத்த உரிமையை அதே ஆண்டு நடந்த பொதுவாக்கெடுப்பு பறித்துக்கொண்டது. டென்னசி சட்டமன்றமும் 1919இல் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நகராட்சித் தேர்தலிலும் பெண்கள் வாக்களிக்கலாம் என்று சட்டம் செய்திருந்தது. ஆக, 1920 நவம்பரை எதிர்நோக்கிய இரு கட்சிகளுக்கும் பெண் வாக்காளர் கற்பனை அல்ல. பல மாநிலங்களில் நேரில் கண்ட உண்மை.

ஆனாலும் 19ஆம் திருத்தத்தை டென்னசி ஏற்பதற்கு ஒரு தடை இருந்தது. திருத்தம் முன்வைக்கப்பட்ட பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம்தான் அதற்கு ஒப்புதல் தரலாம் என்று டென்னசியின் அரசியலமைப்பு சொன்னது. 1920 ஜூன் 1 அன்று, ஒஹாயோவிலிருந்து வந்த ஹாக் எதிர் ஸ்மித் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஒப்புதல் என்பது கூட்டாட்சி அரசியலமைப்பு சட்டமன்றத்துக்கு நேரடியாக அளித்த பணி, மாநிலம் அதைப் பொதுவாக்கெடுப்புக்கு உட்படுத்த முடியாது. அந்தத் தர்க்கம் டென்னசியின் விதியையும் தளர்த்தியது. குடியரசுத் தலைவர் வில்சன் தந்தி அனுப்பினார்; ஆளுநர் ஆல்பர்ட் ராபர்ட்ஸ் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். மேலவை 25க்கு 4 என்று ஆகஸ்ட் 13இல் ஏற்றது.

கீழவையில் பர்னுக்கு முன்பே பேங்க்ஸ் டர்னர் என்ற உறுப்பினர் கிடப்பில் போடுவதற்கு எதிராக வாக்களித்திராவிட்டால் அந்த வாக்கெடுப்பில் 48க்கு 48 என்ற சமநிலையே வந்திருக்காது. அவரை அதிகம் பேர் நினைவுகூர்வதில்லை. வாக்கெடுப்புக்குப் பிறகு அவைத் தலைவர் செத் வாக்கர் மறுபரிசீலனை கோருவதற்காகவே தன் வாக்கை மாற்றிக்கொண்டார். எதிர்ப்பாளர்கள் பலர் குறைவெண் சேர்வதைத் தடுக்க அலபாமாவின் டிகேட்டருக்கு ரயிலேறினார்கள். எதுவும் பலிக்கவில்லை. ஆகஸ்ட் 26 அன்று திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

லஞ்சப் புகார் எழுந்தபோது பர்ன் அவைக்கு அளித்த விளக்கத்தை ஆய்வாளர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். முழு வாக்குரிமை ஓர் உரிமை என்று நம்புவதாக முதலில் சொன்னார். ஒப்புதல் தர இந்த அவைக்கு அறநெறிப்படியும் சட்டப்படியும் உரிமை உண்டு என்று அடுத்துச் சொன்னார். தாயின் அறிவுரை அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த இரண்டாவது காரணத்துக்குப் பின்னால் நிற்பது ஜூன் மாதத் தீர்ப்பின் தர்க்கம்.

இதே அதிகாரம் எதிர்த்திசையிலும் பாய்ந்தது என்பதை மறைத்தால் கட்டுரை நேர்மையாக இராது. 1919 ஜூலையில் திருத்தத்தை முதலில் நிராகரித்தது ஜார்ஜியா சட்டமன்றம். தென் மாநிலங்களின் வாக்கு வரியும் எழுத்தறிவுத் தேர்வும் கறுப்பினப் பெண்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தின. அவையும் மாநிலங்களின் சட்டங்களே. 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அவர்களில் பெரும்பாலோருக்கு 19ஆம் திருத்தம் காகிதத்தில்தான் இருந்தது. மிசிசிப்பி சட்டமன்றம் அந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்த ஆண்டு 1984.