சீனச்சட்டியும் போளியும்

மன்னர்களின் வெற்றிகளைக் கல்வெட்டுகள் கூறும். செப்பேடுகள் அவர்தம் கொடைகளைக் கூறும். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் சென்ற எளிய மக்களின் கதையைக் கூறும் சாசனங்கள் மிகச் சில. ஆயினும், அவர்கள் உண்ட பண்டங்களும் அவற்றின் பெயர்களும் அக்குறையை ஓரளவு நிறைவு செய்கின்றன. திருவனந்தபுரத்துத் தேநீர்க் கடைகளில், மாலை வேளையில் கண்ணாடிப் பெட்டிகளை நிரப்பும் சிற்றுண்டிகள் இதற்குத் தக்க சான்று.

முதலில் பாத்திரத்தைக் காண்போம். நாம் வாணலி என்றும் இருப்புச்சட்டி என்றும் வழங்குவதற்கு மலையாளத்தில் சீனச்சட்டி என்று பெயர். ஊறுகாய் ஜாடிக்குச் சீனபரணி என்று பெயர். திருவனந்தபுரத்துக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டரில் உள்ளது கொல்லம். சீன வணிகர் பெரும்பாலும் அத்துறைமுகத்துக்கே வருவர் என்று 14ஆம் நூற்றாண்டுப் பயணி இபன் பதூதா எழுதினார். 2014இல் அத்துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது சீன நாணயங்களும் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. அவ்வணிகர் என்றோ போய்விட்டனர். பெயர் மட்டும் அடுப்பின்மேல் நிலைத்துவிட்டது.

அச்சட்டியில் பொரிவனவோ நமக்கு நெருங்கிய உறவினர். கனிந்த நேந்திரம் பழத்தை நீளவாக்கில் அரிந்து, மாவில் தோய்த்துப் பொரிப்பது ஏத்தய்க்காயப்பம். கேரளத்தின் பிற பகுதியினர் இதனைப் பழம்பொரி என்பர். நாகர்கோவில் தமிழரும் அவ்வாழையை ஏத்தன் என்றே அழைக்கின்றனர். நம் சுகியனில் கடலைப்பருப்புப் பூரணம். அங்கே வெல்லம் சேர்ந்த முழுப் பச்சைப்பயறு. பயற்றம்மாவு, வெல்லம், தேங்காய் ஆகியவற்றை உருட்டி, மும்மூன்றாக ஒட்டிப் பொரித்தால் முந்திரிக்கொத்து. அதில் முந்திரிப்பருப்பு இராது. திராட்சைக் குலைபோல் தோன்றுவதால் வந்த பெயர் அது. குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரத்திலும் அதற்கு அதுவே பெயர்.

இவ்வொற்றுமைக்குக் காரணம் உண்டு. திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரம் இன்று தமிழ்நாட்டில் உள்ளது. சமஸ்தானத்தின் நெற்களஞ்சியமாக விளங்கியதும் நாஞ்சில் நாடே. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகரும் குடியேறினர்.

பின்னர் மொழி எல்லை பற்றிய பூசல் எழுந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று தென் திருவிதாங்கூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தமிழர் உயிரிழந்தனர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தன. அன்று நிலம் பிரிந்தது. பலகாரத் தட்டு பிரியவில்லை.

போளியின் வரலாறு இன்னும் சுவையானது. அது தமிழருக்கு மட்டும் உரியதன்று. மராட்டியர் அதனைப் பூரண் போளி என்பர்; கன்னடர் ஹோளிகே என்பர்; ஆந்திரர் பொப்பட்லு என்பர். திருவனந்தபுரத்தில் அது மஞ்சள் நிறமும் பட்டுப்போன்ற மென்மையும் பெற்று, மலையாளிகளின் கல்யாண இலையிலேயே இடம்பிடித்துவிட்டது. அதனைப் பிசைந்து, மேலே பாயசம் ஊற்றி உண்பர். வடகேரள விருந்தில் இவ்வழக்கத்தைக் காண்பது அரிது.

சீனச்சட்டியில் வந்தவரின் பெயர் எஞ்சியது. போளியிலோ வந்தவரின் பழக்கமே அயலாரின் பழக்கமாகித் தழைத்தது. சீன வணிகர் சரக்கை இறக்கிவிட்டுக் கப்பலேறினர். போளியைக் கொணர்ந்தவரோ அங்கேயே வாழ்ந்து, அண்டை வீட்டாரோடு அதனைப் பகிர்ந்துண்டனர். அவர்தம் கைப்பக்குவத்துக்கும் இடமளித்தனர்.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் சிந்திக்க வேண்டியது இதுவே. சுகியன் என்ற சொல்லை நம் குழந்தைகளுக்குக் கற்பித்தால் மட்டும் போதாது. அதனைச் செய்யும் முறையையும் அவர்கள் கற்க வேண்டும். அடுத்த வீட்டுக்கும் ஒரு தட்டு செல்ல வேண்டும். அவ்வீட்டார் பூரணத்தைச் சற்றே மாற்றினால் வருந்த வேண்டியதில்லை. அவ்விதமாகவே அது அவ்வூரிலும் வேரூன்றும்.