வீங்கிய பற்றரியும் வராத பற்றுச்சீட்டும்

சில மாதங்களுக்கு முன்னர் திருநெல்வேலியில் உள்ள ஒரு மருந்தகத்தில் அம்மாவுக்கான மாத மருந்துகளை வாங்கினேன். காட்டைக் கொடுத்து இரகசிய இலக்கத்தையும் அழுத்திவிட்டேன். மெசின் பற்றுச்சீட்டை அச்சிடத் தொடங்கியது. இரண்டு வரி வந்ததும் அப்படியே அணைந்துபோனது. அதற்குள் என் கணக்கில் இருந்து பணம் கழிக்கப்பட்டதாக வங்கியின் குறுஞ்செய்தி வந்துவிட்டது.

"சீட்டு வரேல்லைத் தங்கச்சி, இன்னொருக்கா காட்டைத் தாங்கோ" என்றார் கடையில் நின்ற அண்ணா.

குறுஞ்செய்தியைக் காட்டினேன். "சீட்டு இல்லாமல் முதலாளிக்கு நான் என்னெண்டு கணக்குக் காட்டுறது?" என்று கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மெசினை மேசையில் வைத்தபோது அது சமமாக நிற்காமல் ஆடியது. பின்மூடி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அது கழன்று விழாமல் இருக்க இறப்பர் பட்டி ஒன்றைப் போட்டிருந்தார்கள்.

பற்றரி வீங்கியிருந்தது. சீட்டு வராததற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

ஏன் அச்சிடும்போது அணைகிறது?

கையடக்கக் காட் மெசின்களில் இருப்பது எங்கள் தொலைபேசிகளில் இருக்கும் அதே லித்தியம் அயன் பற்றரிதான். 1991இல் சொனி நிறுவனம் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த தொழில்நுட்பம் இது. இதனை உருவாக்கியதற்காக ஜோன் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யொஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஒரு கலத்தின் சராசரி அழுத்தம் சுமார் 3.7 வோல்ற். முழுமையாகச் சார்ஜ் ஆனதும் அது 4.2 வோல்ற் வரை உயரும்.

காட் மெசின் சும்மா இருக்கும்போது மிகக் குறைந்த மின்னையே எடுக்கும். வங்கியுடன் தொடர்புகொள்ளும்போது அந்தத் தேவை திடீரென ஏறும். அச்சிடும்போது இன்னும் ஏறும். இந்த அச்சுப்பொறியில் மை கிடையாது. சிறிய சூடாக்கிகள் விசேட தாளைச் சுட்டே எழுத்தைக் கறுப்பாக்குகின்றன. அதற்கு ஒரே நேரத்தில் பெருமளவு மின்னோட்டம் வேண்டும்.

பற்றரி பழையதாகும்போது அதன் உட்தடை கூடுகிறது. அப்போது பெரிய மின்னோட்டத்தை இழுத்தால் அழுத்தம் சட்டென விழுந்து மெசின் அணைந்துவிடும். திரையில் பாதிச் சார்ஜ் இருப்பதாகக் காட்டினாலும் இது நடக்கும். பெரும்பாலும் சீட்டு அச்சிடப்படுவது வங்கி அனுமதி கொடுத்த பிறகே. அதனால்தான் வாடிக்கையாளரின் பணம் போயிருக்க, கடைக்காரரின் கையில் எதுவும் இல்லாத நிலை வருகிறது.

ஏன் வீங்குகிறது?

"எப்பவும் சார்ஜிலதான் கிடக்கும்" என்றார் அந்த அண்ணா. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்களில் பழகிய பழக்கமாம். எப்போது கரண்ட் போகுமோ என்ற பயம்.

லித்தியம் அயன் பற்றரிக்கு இரண்டு விடயங்கள் ஆகாது: முழுச் சார்ஜில் நீண்டகாலம் இருப்பது, சூடு. பரவலாக எடுத்தாளப்படும் ஒரு கணக்கின்படி, 40 சதவீதச் சார்ஜுடன் 25 பாகை செல்சியசில் ஒரு வருடம் வைக்கப்பட்ட பற்றரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். முழுச் சார்ஜுடன் 40 பாகையில் வைத்தால் மிஞ்சுவது 65 சதவீதம்தான். வெயில் படும் கண்ணாடி மேசையில், நாள் முழுக்கச் சார்ஜரில் கிடக்கும் மெசினின் நிலை இரண்டாவதற்கு நெருக்கமானது.

அந்த நிலையில் கலத்தின் உள்ளே இருக்கும் மின்பகுபொருள் மெல்ல மெல்லச் சிதைந்து காபனீரொட்சைட்டு போன்ற வாயுக்களை வெளிவிடுகிறது. மென்மையான உறைக்குள் இருக்கும் தட்டைக் கலத்தில் வாயு போக வழியில்லாததால் உறை உப்புகிறது.

வீங்கிய எல்லாப் பற்றரியும் தீப்பிடிப்பதில்லை. ஆனால் அதை அமுக்கினாலோ, குத்தினாலோ, உள்ளே இரு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய படலம் கிழிந்து குறுஞ்சுற்று ஏற்படலாம். மின்பகுபொருளின் கரைப்பான் எரியக்கூடியது. 2016இல் சாம்சங் தனது கலக்சி நோட் 7 தொலைபேசிகளை உலகெங்கும் மீளப் பெற்றதற்குக் காரணம் பற்றரிகளில் ஏற்பட்ட குறுஞ்சுற்றே. மூடியை இறப்பர் பட்டியால் இறுக்குவது அந்தக் கலத்தை அமுக்கும் வேலை.

கழற்றிப் பார்க்கலாமா?

பல மெசின்களில் பின்மூடியைத் திறந்து பிரதான பற்றரியை எடுக்கலாம். ஆனால் திருகாணி கழற்றி உடலைத் திறக்கவே கூடாது. உள்ளே இன்னொரு சிறிய நாணயப் பற்றரி இருக்கிறது. மெசின் அணைந்திருக்கும்போதும் பாதுகாப்பு உணரிகளுக்கும் இரகசியக் குறியீட்டுச் சாவிகளுக்கும் மின் கொடுப்பது அதுதான். யாராவது உடலைத் திறந்தால் சாவிகள் அழிந்துவிடும். அதன்பின் அந்த மெசினால் கொடுக்கல் வாங்கல் செய்யமுடியாது. தொலைபேசி திருத்தும் கடையில் கொடுப்பதால் பயன் இல்லை.

என்ன செய்யலாம்?

கடைக்காரர்கள்: சார்ஜ் நிறைந்ததும் மெசினைச் சார்ஜரில் இருந்து எடுங்கள். வெயில், அடுப்பு அருகே வைக்காதீர்கள். மூடி தள்ளினாலோ, மெசின் மேசையில் ஆடினாலோ பாவனையையும் சார்ஜ் செய்வதையும் நிறுத்திவிட்டு, மெசினைத் தந்த வங்கிக்கு எழுத்தில் அறிவியுங்கள். அமைப்பில் ஒத்துப்போகிறது என்பதற்காக மலிவான மாற்றுப் பற்றரியைப் போடவேண்டாம். பழையதைக் குப்பையில் போடாமல், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

வாடிக்கையாளர்கள்: சீட்டு வரவில்லை என்றதும் காட்டை மறுபடி கொடுக்காதீர்கள். மெசினை மீண்டும் இயக்கி, கடைசிக் கொடுக்கல் வாங்கலின் பிரதியை எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் வராவிட்டால் குறுஞ்செய்தியில் உள்ள நேரத்தையும் தொகையையும் கடையில் குறித்துவிட்டு, உங்கள் வங்கிக்கு அறிவியுங்கள்.

அன்று அப்படித்தான் செய்தோம். மெசினை மீண்டும் இயக்கியதும் என் கொடுக்கல் வாங்கல் அதில் பதிவாகியிருந்தது; பிரதிச் சீட்டும் வந்தது. புதிய பற்றரி வேண்டும் என்று வங்கிக்கு இரண்டு தரம் தொலைபேசியில் சொல்லிவிட்டதாகவும், ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள் என்றும் அந்த அண்ணா சொன்னார். மெசினுக்கான மாத வாடகை மட்டும் தவறாமல் கழிகிறதாம்.

சென்ற வாரமும் அந்தக் கடைக்குப் போனேன். இறப்பர் பட்டி இன்னும் அப்படியே இருந்தது. காசாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.